கையைக் கீறிக்கொள்ளும் தங்கை, ஓயாத தலைவலி: ஓர் அண்ணனின் கேள்விக்குப் பதில்

பண்ருட்டிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஓர் அண்ணன் கேட்டிருக்கிறார். தங்கைக்கு 21 வயது, கடலூரில் கல்லூரிப் படிப்பு. ஒரு வருடமாகக் கையைக் கீறிக்கொள்கிறாள். புதுச்சேரியில் பார்த்த மனநல மருத்துவர் சீட்டில் ‘பார்டர்லைன் பெர்சனாலிட்டி டிஸார்டர்’ என்று எழுதியிருக்கிறார். கொதிக்கிற கஞ்சி காலில் கொட்டியபோது முகம்கூடச் சுளிக்காதவள், தலைவலி, இடுப்புவலி என்று மாதத்தில் பாதி நாள் படுத்துக்கொள்கிறாள். ‘எல்லாம் நடிப்பு, கொழுப்பு’ என்கிறார் அம்மா. இது என்ன நோய், எதனால் வருகிறது, வலிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தபோது, உங்களைத் தூங்கவிடாத கேள்விகள் வேறு என்று தோன்றியது. அவள் நடிக்கிறாளா? நாங்கள் வளர்த்ததில் தப்பா? முதல் கேள்விக்கு உறுதியாகவே பதில் சொல்லலாம்: நீங்கள் விவரித்திருப்பது நடிப்பு அல்ல. இரண்டாவதை ‘ஆமாம்’, ‘இல்லை’ என்று முடித்துவிட முடியாது. அதற்குக் கொஞ்சம் பொறுமையாக வர வேண்டும்.

நான் மருத்துவ உளவியலாளர். புதுச்சேரியிலும் கடலூரிலுமாகப் பல ஆண்டுகளாக இப்படிப்பட்ட பிள்ளைகளோடும் அவர்கள் வீட்டாரோடும் உட்கார்ந்து பேசுவதுதான் என் வேலை. உங்கள் தங்கையை நான் பார்த்ததில்லை. ஆகவே அவளுக்கு இருப்பது இதுதான் என்று இங்கிருந்து சொல்லமாட்டேன். கூட்டமான ஓ.பி.யில் பத்து நிமிடம் பார்த்து எழுதிய பெயராக இருந்தால், நேரம் எடுத்துக் கேட்கிற ஒருவரிடம் இன்னொரு முறை காட்டுவது நல்லது. இருமுனைக் கோளாறோடு இதைக் குழப்பிக்கொள்வது அடிக்கடி நடக்கிறது. இருமுனைக் கோளாறில் மனநிலை நாள்கணக்கில், வாரக்கணக்கில் ஒரே பக்கமாக நிற்கும். பிபிடியில் (பார்டர்லைன் பெர்சனாலிட்டி டிஸார்டரை இனி இப்படியே எழுதுகிறேன்) காலையில் ஒன்று, மதியம் ஒன்று என்று மாறும். பெரும்பாலும் யாரோ சொன்ன ஒரு சொல், எடுக்காத ஒரு போன் அதற்குப் பின்னால் இருக்கும். பழைய கொடுமைகளின் தாக்கமும், கவனக்குறைவுக் கோளாறும்கூட இதே வேடத்தில் வருவதுண்டு.

அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் இந்த நோய் 1980இல் இடம்பிடித்தது. இப்போதைய பதிப்பில் ஒன்பது அறிகுறிகள் இருக்கின்றன, அவற்றில் குறைந்தது ஐந்து நீண்டகாலமாக இருக்க வேண்டும். அந்தப் பட்டியலைவிட, என்னிடம் வரும் பெண்கள் சொல்லும் விதத்திலேயே சொல்கிறேன். தோழி ஒரு நாள் பேசாவிட்டால் ‘என்னை விட்டுட்டுப் போயிட்டா’ என்று நெஞ்சு அடைக்கிற பீதி. நேற்றுவரை தெய்வமாக இருந்தவர் இன்று துரோகி. நான் யார், எனக்கு என்ன பிடிக்கும் என்பதே பிடிபடாத நிலை. உள்ளே எதுவுமே இல்லாதது போன்ற வெறுமை. வந்தால் அடக்க முடியாத கோபம், அது போன பிறகு அதைவிடப் பெரிய குற்றவுணர்வு. உச்சத்தில், ‘இந்தக் கை என் கையே இல்லாத மாதிரி’ மரத்துப்போவது. பொதுமக்களில் நூறு பேரில் ஒன்று முதல் இரண்டு பேருக்கு இது இருக்கும் என்பது பொதுவான கணிப்பு. ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் இதைக் காட்டாது. தலைவலிக்காக ஸ்கேன் எடுக்கச் சொன்னால் அது வேறு விஷயம். பிபிடியை உறுதிசெய்ய என்று சொன்னால், ஏன் என்று கேளுங்கள்.

இனி வலிக்கு வருகிறேன். உங்கள் அம்மாவைக் கோபப்படுத்துவது இதுதான் என்பதால் இதை விரிவாகவே சொல்கிறேன். தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் பிபிடி நோயாளிகளில் கணிசமானவர்கள், கீறும்போது வலி தெரியவில்லை அல்லது குறைவாகவே தெரிந்தது என்கிறார்கள். அதை ஆய்வுக்கூடத்தில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஜெர்மனியில் மார்ட்டின் போஹுஸ் குழுவினர் 2000ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், இப்படிப்பட்ட பெண்களைப் பனிநீரில் கையை வைக்கச் சொன்னார்கள். மனம் அமைதியாக இருந்த நேரத்திலேயே மற்றவர்களைவிட அவர்களுக்கு வலி குறைவாகத் தெரிந்தது, மனம் கொந்தளித்த நேரத்தில் இன்னும் குறைந்தது. நரம்பில் கோளாறு இல்லை. சூடு எவ்வளவு, எங்கே படுகிறது என்பதை அவர்கள் சரியாகவே உணர்கிறார்கள். அந்த உணர்வை ‘ஐயோ’ என்று எடுத்துக்கொள்ளும் இடத்தில்தான் மாற்றம். 2006இல் கிறிஸ்டியான் ஷ்மால் குழுவினர் மூளைப் படத்தோடு செய்த ஆய்வில், வலி கொடுக்கும்போது பயத்துக்கும் பதற்றத்துக்கும் பொறுப்பான அமிக்டலாவின் செயல்பாடு இவர்களுக்குத் தணிந்தது, நெற்றிக்குப் பின்னால் இருக்கும் கட்டுப்பாட்டுப் பகுதியின் செயல்பாடு கூடியது. அதாவது உடம்பில் வலி ஏறும்போது மனதுக்குள் எரிகிற தீ அடங்குகிறது.

கீறிக்கொள்வது ஏன் திரும்பத் திரும்ப நடக்கிறது என்பதற்கு இதைவிட நேர்மையான விளக்கம் எனக்குத் தெரியாது. அந்த நேரத்துக்கு அது உதவுகிறது. தாங்க முடியாத பதற்றம் சில நிமிடங்களில் இறங்குகிறது. சிலருக்கு நேர்மாறாக, மரத்துப்போன உடம்பு மறுபடி ‘இருக்கிறேன்’ என்று சொல்கிறது. வேறு சிலர் தங்களைத் தண்டித்துக்கொள்கிறார்கள். காரணம் கேட்ட ஆய்வுகளில் பெரும்பாலானவற்றில் முதலில் வருவது கொந்தளிப்பைத் தணிப்பதுதான். மற்றவர்கள் பார்க்க வேண்டும் என்பதற்காகச் செய்தேன் என்பவர்கள் குறைவு. பெரும்பாலானவர்கள் முழுக்கைச் சட்டை போட்டு மறைக்கிறார்கள். நம் ஊர் வெயிலில் ஒரு பெண் சித்திரை மாதத்தில் முழுக்கை போட்டுக்கொண்டு திரிகிறாள் என்றால், அது கவனத்தை ஈர்க்கச் செய்கிற வேலையா? இன்னொன்றும் இதில் சேர்கிறது. வலி நின்றவுடன் ஒரு நிம்மதி பரவும். அந்த நிம்மதி தற்காயப் பழக்கமே இல்லாதவர்களுக்கும் வருகிறது என்று சோதனைகளில் கண்டிருக்கிறார்கள். எல்லா மனித உடம்பிலும் இருக்கிற ஒரு வழியை, வேறு வழி தெரியாத பிள்ளை கண்டுபிடித்துவிடுகிறாள், அவ்வளவுதான். ஆனால் விலை பெரிது: நிம்மதி சீக்கிரம் கரைந்துவிடும், அவமானம் தங்கிவிடும், அடுத்த முறை அதுவே பத்தாமல் போகும்.

இதில் சந்தேகத்தோடு பார்க்க வேண்டியவையும் உண்டு. காயத்தின்போது உடம்பில் சுரக்கும் இயற்கை வலிநீக்கிகள்தான் இந்த நிம்மதிக்குக் காரணம் என்கிறார்கள். 2010இல் ஒரு ஆய்வில், தற்காயப் பழக்கம் உள்ளவர்களின் தண்டுவடத் திரவத்தில் அந்தப் பொருட்கள் குறைவாக இருந்தன. நம்பத் தகுந்த ஊகம்தான், ஆனால் அதை வைத்து மருந்து கொடுத்துப் பார்த்ததில் தெளிவான பலன் நிலைநாட்டப்படவில்லை. அதேபோல ‘ஒதுக்கப்படும் வலியும் உடம்பு வலியும் மூளையில் ஒன்றுதான்’ என்று வாட்ஸ்அப்பில் வருவதைப் பார்த்திருப்பீர்கள். அது 2003இல் நவோமி ஐசன்பெர்கர் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்தது: பந்து விளையாட்டில் ஒதுக்கப்பட்டவர்களின் மூளையில், வலியோடு தொடர்புடைய ஒரு பகுதி விழித்துக்கொண்டது. 2014இல் இன்னும் நுட்பமாகப் பார்த்தபோது, பகுதி ஒன்றாக இருந்தாலும் அதற்குள் நடக்கும் செயல்பாட்டின் வடிவம் இரண்டுக்கும் வேறு என்று தெரிந்தது. ஆகவே ஒன்றுக்கொன்று உறவு உண்டு, இரண்டும் ஒன்றல்ல.

எனக்கு மிக நம்பிக்கை தந்த ஆய்வு 2009இல் வந்தது. தன்னைக் காயப்படுத்திக்கொள்வதை நிறுத்திவிட்டவர்களுக்கு, தொடர்பவர்களைவிட வலியுணர்வு மற்றவர்களின் அளவை நெருங்கியிருந்தது. நிறுத்தியதால் வலியுணர்வு திரும்பியதா, திரும்பியதால் நிறுத்த முடிந்ததா என்று ஒரே நேரத்தில் எடுத்த அளவீட்டிலிருந்து சொல்ல இயலாது. ஆனால் இது கல்லில் எழுதியது அல்ல என்பது தெரிகிறது.

அப்படியானால் தலைவலியும் இடுப்புவலியும்? ஒரு பக்கம் சூட்டுக்கு அசையாதவள், மறுபக்கம் தலைவலிக்குத் துவண்டுபோகிறாள் என்பது பார்ப்பவருக்கு முரணாகத்தான் தெரியும். இந்த நோயில் இரண்டும் சேர்ந்தே வருகின்றன. தானே உண்டாக்கிய, சட்டென்று வந்து போகும் வலி குறைவாகவும், தன் கையில் இல்லாத, நாள்கணக்கில் நீளும் வலி அதிகமாகவும் தெரியும். நாட்பட்ட வலிக்குச் சிகிச்சைக்கு வருபவர்களில் சுமார் 30 விழுக்காட்டினரிடம் பிபிடியோ அதன் கூறுகளோ இருப்பதாகப் பல ஆய்வுகளின் தொகுப்பு சொல்கிறது. நோய் தணியாதவர்களுக்கு முதுகுவலி போன்றவை தணிந்தவர்களைவிட அதிகம். சரியாகத் தூக்கம் இல்லாதது, எந்நேரமும் இறுகிக் கிடக்கும் தசைகள், மனச்சோர்வு எல்லாம் அதில் கலந்திருக்கும். இங்கே ஓர் எச்சரிக்கை. சீட்டில் மனநோய்ப் பெயர் ஏறிவிட்டால், அதன்பிறகு அவள் சொல்கிற எந்த வலியையும் ‘மனசுல இருக்கு’ என்று தள்ளிவிடுகிற வழக்கம் மருத்துவமனைகளிலும் இருக்கிறது. இடுப்புவலியோடு மாதவிடாய்க் கோளாறு, ரத்தசோகை, தைராய்டு எதுவும் இருக்கிறதா என்று ஒரு முறை ஒழுங்காகப் பார்த்துவிடுங்கள். மெடிக்கலில் தானாக வாங்கி விழுங்கும் வலி மாத்திரைகளைக் கண்காணியுங்கள். அடிக்கடி போட்டால் அந்த மாத்திரைகளாலேயே தலைவலி வரும்.

காரணத்துக்கு வருகிறேன். ஒற்றைக் காரணம் இல்லை என்பது உறுதி. பரம்பரையின் பங்கு உண்டு. சுவீடனின் மக்கள்தொகைப் பதிவேடுகளை வைத்துச் செய்த பெரிய ஆய்வு அதை 46 விழுக்காடு என்று கணித்தது. அதற்காக ஒரு ‘பிபிடி மரபணு’ இருப்பதாக நினைக்க வேண்டாம். சீக்கிரம் தூண்டப்படுகிற, ஆழமாக உணர்கிற, அடங்க நேரமெடுக்கிற ஒரு சுபாவம்தான் பிறப்பில் வருகிறது. இன்னொரு பக்கம் குழந்தைப்பருவம். மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தினர் 2020இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், இந்நோய் உள்ளவர்களில் ஏறக்குறைய 71 விழுக்காட்டினர் ஏதோ ஒரு வகைக் கொடுமையையோ புறக்கணிப்பையோ சிறுவயதில் சந்தித்ததாகச் சொல்லியிருந்தார்கள். அடி உதையைவிட, வார்த்தையால் நோகடிப்பதும் உணர்வுகளைக் கண்டுகொள்ளாமல் விடுவதும் இந்நோயோடு அழுத்தமான தொடர்பு காட்டின. மறுபுறம், பத்தில் மூன்று பேரிடம் அப்படி எதுவும் பதிவாகவில்லை. இதை மறந்துவிட்டு எல்லாப் பெற்றோரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது பெரிய அநியாயம்.

இந்தச் சுபாவத்தையும் சூழலையும் இணைத்துச் சொன்னவர் அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினெஹன். உணர்ச்சி மிகுந்த குழந்தை ஒன்று, அதன் உணர்ச்சியை ஏற்காத சூழலில் வளர்கிறது. குழந்தை அழுதால் ‘இதுக்குப் போய் அழுவாங்களா’, கோபப்பட்டால் ‘பொம்பளப் புள்ளைக்கு இவ்ளோ கோவமா’, பயந்தால் ‘சும்மா கிட’. மெதுவாகச் சொன்னால் யாரும் கேட்பதில்லை, கத்தினால்தான் திரும்பிப் பார்க்கிறார்கள். இப்படியே வளரும்போது தன் உள்ளே நடப்பதற்குப் பெயர் வைக்கவும் அதை அடக்கவும் அந்தப் பிள்ளை கற்றுக்கொள்வதில்லை. இந்த விளக்கத்தின் எல்லாக் கண்ணிகளும் ஆய்வில் நிரூபணமாகிவிட்டன என்று சொல்லமாட்டேன். ஆனால் நம் வீடுகளுக்கு இது எவ்வளவு பொருந்துகிறது என்று பாருங்கள். இந்த வார்த்தைகளைச் சொல்பவர்கள் கொடியவர்கள் அல்ல. அவர்களுக்கும் யாரும் வேறு விதமாகச் சொல்லித்தரவில்லை. முந்திரித் தோப்பு வேலையும் கடனும் அப்பாவின் குடியும் (நீங்களே எழுதியிருக்கிறீர்கள்) அழுத்துகிற வீட்டில், இரண்டு பிள்ளைகளில் ஒன்று தாங்கிக்கொள்ளும், ஒன்று தாங்காது. அதே வீட்டில் வளர்ந்தும் உங்களுக்கு இது வரவில்லை என்பதே, வளர்ப்பு மட்டும் காரணமல்ல என்பதைக் காட்டுகிறது. அம்மாவிடம் ‘உன்னாலதான்’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். தங்கை வெளியே சொல்லாத ஏதாவது நடந்திருக்குமோ என்றும் தோன்றலாம். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். துருவிக் கேட்க வேண்டாம், ‘நீ எப்ப சொன்னாலும் நான் நம்புவேன்’ என்ற ஒரு வாக்கியம் போதும்.

காயத்தைப் பார்த்தால் என்ன செய்வது என்பதுதான் வீட்டில் இருப்பவர்களுக்கு முதல் தேவை. கத்த வேண்டாம், அழுது காலில் விழவும் வேண்டாம், சத்தியம் வாங்கவும் வேண்டாம். காயத்தைக் கழுவிக் கட்டுங்கள், ஆழமாக இருந்தால் தையலுக்கு அழைத்துப் போங்கள். ‘ரொம்பக் கஷ்டமா இருந்திருக்கும், அதான் இப்படி ஆச்சு’ என்று சொல்லுங்கள். செய்ததை ஆமோதிப்பதாக அர்த்தம் இல்லை, பட்ட வேதனையை ஏற்கிறீர்கள். பிறகு காயம் இல்லாத நாட்களில் அவளோடு அதிக நேரம் செலவிடுங்கள். காயம் பட்டால்தான் வீடு திரும்பிப் பார்க்கும் என்ற நிலை வரக் கூடாது. கொந்தளிப்பு ஏறும் நேரத்தில் குளிர்ந்த நீரில் முகத்தை அரை நிமிடம் அமிழ்த்துவது பலருக்கு இதயத் துடிப்பைக் குறைத்து உதவுகிறது. இதயக் கோளாறு இருந்தாலோ சாப்பிடாமல் உடம்பு மெலிந்திருந்தாலோ வேண்டாம். ஐஸ் கட்டியைக் கையில் இறுக்குவது, ரப்பர் பேண்டால் சுண்டிக்கொள்வது போன்ற யோசனைகளை நான் சொல்வதில்லை. வலிக்குப் பதில் வலி என்ற பாடத்தையே அவை தொடர்கின்றன என்பது என் கருத்து.

கீறிக்கொள்வது எப்போதும் சாகும் எண்ணத்தோடு நடப்பதில்லை. ஆனாலும் அந்தப் பழக்கம் உள்ளவர்களுக்குத் தற்கொலை ஆபத்து கூடுதல். ‘சாகணும்னு தோணுதா?’ என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. உங்கள் வீட்டைப் பொறுத்தவரை நான் கையெடுத்துக் கேட்டுக்கொள்வது: தோப்புக்கு அடிக்கிற பூச்சிமருந்தை இன்றைக்கே வீட்டை விட்டு வெளியேற்றுங்கள். பரணில் வைத்துப் பூட்டினால் போதாது, வீட்டில் இருக்கவே கூடாது. மாத்திரைகளையும் ஒருவர் பொறுப்பில் வைத்து அன்றன்றைக்குக் கொடுங்கள். கொந்தளிப்பின் உச்சம் சிறிது நேரம்தான், அந்த நேரத்தில் கைக்கு எட்டாமல் இருப்பதே பலரைக் காப்பாற்றியிருக்கிறது. அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸ் 14416 எண்ணில் இரவும் பகலும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. நீங்களும் அம்மாவும்கூடப் பேசலாம். ஆபத்து என்று தோன்றினால் யோசிக்காமல் அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்ற பயத்தில் தாமதிக்க வேண்டாம். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது.

உறவினர்கள் இரண்டு யோசனை சொல்வார்கள். ஒன்று மந்திரித்துக் கயிறு கட்டுவது. அம்மாவுக்கு மனசு ஆறும் என்றால் கட்டட்டும், சிகிச்சையை நிறுத்தாமலும் அடித்து விரட்டுகிற இடத்துக்குப் போகாமலும் இருந்தால் போதும். மற்றது, ‘ஒரு கல்யாணத்தைப் பண்ணி வை, எல்லாம் சரியாயிடும்.’ இதற்கு மட்டும் தயவுசெய்து தலையாட்டாதீர்கள். நெருங்கிய உறவில்தான் இந்த நோய் மிகக் கடுமையாகத் தெரியும். விட்டுப் போய்விடுவார்களோ என்ற பயத்தில் தவிப்பவளைப் புதிய வீட்டில், புதிய மனிதர்கள் நடுவில், உண்மையை மறைத்துக் கொண்டுபோய் விடுவது அவளுக்கும் கெடுதல், அந்தப் பையனுக்கும் கெடுதல்.

சிகிச்சையில் முதன்மை, பேச்சுதான். லினெஹன் உருவாக்கிய டிபிடி (டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி) என்ற முறை தற்காயத்தைக் குறைப்பதை 1991இல் வெளியான சோதனை காட்டியது, பின்னர் வந்தவையும் உறுதிசெய்தன. அவரே இளம்வயதில் தன்னைக் காயப்படுத்திக்கொண்டு மருத்துவமனையில் கிடந்தவர், 2011இல் அதை வெளிப்படையாகச் சொன்னார். வாரம் ஒரு தனி அமர்வு, ஒரு குழு வகுப்பு, நடுவில் போனில் உதவி என ஓராண்டு நீளும் அந்த முழுத் திட்டம் நம் பக்கத்தில் கிடைப்பது அரிது. மனம் தளர வேண்டாம். 2009இல் கனடாவில் 180 பேரிடம் நடந்த சோதனையில், ஒழுங்காகத் திட்டமிட்டுத் தொடர்ந்து பார்க்கும் பொது மனநலச் சிகிச்சை டிபிடிக்கு ஈடான முன்னேற்றம் தந்தது. ஒரே ஆளைத் தொடர்ந்து பார்ப்பதுதான் முக்கியம், மாதம் ஒரு டாக்டர் மாற்றுவது கெடுதல். பிபிடிக்கென்று அங்கீகரிக்கப்பட்ட மருந்து எதுவும் இல்லை. கூடவே இருக்கும் மனச்சோர்வுக்கு மருந்து தரலாம், அது நியாயம். நான்கைந்து மாத்திரைகள் ஓடிக்கொண்டிருந்தால் ஒவ்வொன்றும் எதற்கு என்று மருத்துவரிடம் கேளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

வாழ்நாள் முழுக்க இப்படியே இருப்பாளா என்றால், பெரும்பாலும் இல்லை. பாஸ்டன் அருகே மெக்லீன் மருத்துவமனையில் 1992இல் தொடங்கி 290 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்தார் மேரி ஜனாரினி. பத்து ஆண்டுகளில் 93 விழுக்காட்டினருக்குக் குறைந்தது இரண்டு ஆண்டுகள் நீடித்த தணிவு கிடைத்தது. தற்காயம் முதலில் குறைகிறது. வெறுமையும் கைவிடப்படும் பயமும் கடைசிவரை இழுக்கும். வேலை, உறவு இரண்டிலும் நன்றாக நிலைகொண்டவர்கள் பாதிப்பேர்தான். 24 ஆண்டுகளில் ஏறக்குறைய 6 விழுக்காட்டினரைத் தற்கொலைக்குப் பறிகொடுத்தார்கள் என்பதையும் மறைக்க விரும்பவில்லை. மேலே பூச்சிமருந்தைப் பற்றி அவ்வளவு அழுத்திச் சொன்னது அதனால்தான். இவை அமெரிக்க மருத்துவமனைக் கணக்குகள், நம் கிராமத்துப் பெண்ணுக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது. ஆனால் நான் பார்த்துவரும் பெண்களிடமும் திசை அதுதான். படிப்பை நிறுத்திவிடாதீர்கள், விட்டுவிட்டுப் போனாலும் தொடரட்டும்.

அடுத்த முறை ஜிப்மர் மனநலப் பிரிவுக்கோ கடலூர் அரசு தலைமை மருத்துவமனைக்கோ போகும்போது பழைய சீட்டுகள், மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். காயப்படுத்திக்கொண்ட நாட்களையும், அதற்கு முன்னால் என்ன நடந்தது என்பதையும் அவளையே ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள், எழுத விரும்பினால். அறைக்குள் முதலில் அவள் மட்டும் போகட்டும். உளவியலாளரைப் பார்க்க முடியுமா, தொடர்ந்து ஒரே ஆளிடம் வர முடியுமா என்று கேளுங்கள். ‘சீன் போடுறா’ என்கிற தொனியில் யாராவது பேசினால், அவள் எதிரிலேயே, ‘இல்லை சார், அவளுக்கு வலிக்குது’ என்று நீங்கள் சொல்லுங்கள்.